குரூப் 4 ஜெயித்தவருக்கு நீச்சல் ஏன் வரவில்லை?

கேட்டவர் எழுதியதன் சுருக்கம் இது: “எனக்கு 44 வயது. அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளர். 29 வயதில், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு படித்து, இரண்டாவது தடவையில் அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வில் தேறினேன். 38 வயதில் விழுந்து எழுந்து ஸ்கூட்டர் கற்றுக்கொண்டேன். சின்ன வயதில் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் அண்ணனுக்கும் தம்பிக்கும் நீச்சல் பழக்கினார்கள். என்னைத் துவைக்கிற கல்லோடு நிறுத்திவிட்டார்கள். அந்த ஆசை இன்னும் விடவில்லை. பணம் கட்டி நீச்சல்குளத்தில் சேர்ந்தேன். முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கவே முடியவில்லை. பயிற்சியாளர் சொல்லாமல் கொள்ளாமல் தலையைப் பிடித்து அமுக்கினார். அன்றோடு போவதை விட்டுவிட்டேன். ‘குரூப் 4-ஐயே பாஸ் செய்தவள் இதற்கா பயப்படுகிறாய்?’ என்று வீட்டில் கேட்கிறார்கள். முன்பு ஜெயித்தது இப்போது ஏன் கைகொடுக்கவில்லை? கைகொடுக்க வைக்க வழி உண்டா?”

வழி உண்டு. ஆனால் உங்கள் வீட்டார் தவறான வெற்றியைக் காட்டி உங்களைத் தேற்றுகிறார்கள். குரூப் 4 இந்த விஷயத்தில் உங்களுக்குப் பெரிதாக உதவாது. உதவப்போவது ஸ்கூட்டர். நீங்கள் கடிதத்தில் குரூப் 4 பற்றி ஒன்றரைப் பக்கமும் ஸ்கூட்டர் பற்றி எட்டு வரியும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த எட்டு வரிகள்தான் வேலைக்காகும்.

கல்லூரியில் உளவியல் கற்பித்த காலத்திலிருந்தே இந்தக் கேள்வியை வேறு வேறு வடிவில் கேட்டு வருகிறேன். கணக்கில் தங்கப்பதக்கம் வாங்கியவருக்கு வீணை வரவில்லை. கடை வைத்து மேலே வந்தவரால் பத்துக் கிலோ எடையைக் குறைக்க முடியவில்லை. எல்லோரிடமும் ஒரே ஆச்சரியம்: “அதைச் சாதித்த எனக்கு இது ஏன் முடியவில்லை?” தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் இதற்குத் தயாராக ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு உங்கள் மிகப் பெரிய வெற்றியை நினைத்துப் பாருங்கள், அந்தத் தெம்பு உடம்பில் ஏறட்டும் என்பார்கள். ஏறும். குளத்தின் படிக்கட்டு வரைக்கும் கூடவே வரும். தண்ணீர் மூக்கைத் தொட்டதும் போய்விடும்.

ஜெயித்தவர் என்ற பட்டம் வேறொரு வேலைக்குச் செல்லுபடியாகாது என்பதற்குப் பெரிய ஆட்களிடமே சாட்சி இருக்கிறது. மைக்கேல் ஜோர்டன் 1991, 92, 93 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து சிகாகோ புல்ஸ் அணிக்குக் கூடைப்பந்துக் கோப்பை வாங்கிக் கொடுத்துவிட்டு, ஓய்வு அறிவித்து, 1994-இல் பேஸ்பால் ஆடப் போனார். அலபாமா மாநிலத்தில் பர்மிங்ஹாம் பேரன்ஸ் என்ற இரண்டாம் நிலை அணி. உழைப்புக்குக் குறைவில்லை, உடற்கட்டுக்கும் குறைவில்லை. ஆனாலும் மட்டை பிடித்த ஐந்து வாய்ப்புகளில் ஏறக்குறைய ஒன்றில்தான் அவரால் உருப்படியாக அடிக்க முடிந்தது. 114 முறை பந்தைத் தவறவிட்டே வெளியேறினார். மறு ஆண்டு மார்ச்சில் கூடைப்பந்துக்கே திரும்பி, 1996 முதல் 98 வரை மறுபடி மூன்று கோப்பைகள் வென்றார்.

இந்தக் கதையை ‘அவரவர் வேலையை அவரவர் பார்க்க வேண்டும்’ என்று முடிப்பவர்கள் உண்டு. நான் அப்படி முடிக்க மாட்டேன். அதே பருவத்தின் கணக்கில் இன்னொரு எண்ணும் இருக்கிறது: எதிரணி அசருகிற நேரம் பார்த்து ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்கு ஓடி அதைத் ‘திருடும்’ கலையில் ஜோர்டன் 30 முறை வென்றார். அறிமுக ஆட்டக்காரருக்கு இது மோசமான எண்ணே அல்ல. கூடைப்பந்தில் பழகிய கால்களும், எதிராளியின் அசைவைப் படிக்கும் பார்வையும் புது ஆட்டத்துக்குக் கூடவே வந்துவிட்டன. வளைந்து வரும் சிறு பந்தைக் கணித்து மட்டையை வீசும் கண்ணும் கையும் வரவில்லை. அவை கூடைப்பந்தில் உருவாகவே இல்லையே! ஒரே மனிதர், ஒரே பருவம். ஒரு பகுதி வந்தது, ஒரு பகுதி வரவில்லை.

உளவியலில் இது பழைய செய்தி. 1901-இல் எட்வர்ட் தார்ண்டைக், ராபர்ட் வுட்வொர்த் என்ற இரு அமெரிக்கர்கள், செவ்வகங்களின் பரப்பைக் கண்ணால் பார்த்து மதிப்பிடச் சிலரைப் பழக்கினார்கள். நன்றாகவே பழகிக்கொண்டார்கள். பிறகு வேறு வடிவங்களைக் காட்டினால் அந்தத் திறமை கொஞ்சம்தான் கைகொடுத்தது. பழைய வேலைக்கும் புது வேலைக்கும் பொதுவான கூறுகள் எவ்வளவு உண்டோ அவ்வளவுதான் பழைய பழக்கம் உதவும் என்றார்கள். ‘மனம் பொதுவாகவே கூர்மையாகிவிடும்’ என்ற அக்காலப் பள்ளிக்கூட நம்பிக்கைக்கு அது பெரிய அடி. நம் ஊரில் அந்த நம்பிக்கை இன்னும் சௌக்கியமாக இருக்கிறது.

ஆனால் எனக்குப் பிடித்த உதாரணம் வேறு. 1970-களின் கடைசியில், பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் வில்லியம் சேஸ், ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற இருவர் ஒரு மாணவரை உட்கார வைத்துச் சோதித்தார்கள். கட்டுரைகளில் அவர் பெயர் எஸ்.எஃப். நொடிக்கு ஓர் எண் வீதம் வாசிப்பார்கள். முடிந்ததும் அவர் வரிசை மாறாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். எல்லோரையும் போல அவரும் ஏழு எண்களில்தான் தொடங்கினார். சுமார் 20 மாதங்களில், மொத்தம் 230 மணி நேரம் போலப் பழகிய பிறகு, ஏறக்குறைய 80 எண்களைச் சொன்னார்.

எப்படி என்பதுதான் விஷயம். எஸ்.எஃப். நெடுந்தூர ஓட்டக்காரர். பந்தய நேரங்கள் அவருக்கு அத்துபடி. 3, 4, 9, 2 என்று கேட்டால், ‘மூன்று நிமிடம் 49.2 நொடி, உலக சாதனைக்கு அருகில் ஒரு மைல்’ என்று அவர் காதில் விழும். நான்கு எண்கள் ஒரே பொருளாகிவிடும். ஓட்டத்தில் அவர் பெற்ற கால்வலுவோ, பதக்கமோ, விடாமுயற்சியோ இங்கே முதன்மையாக உதவவில்லை. ஓடும்போது போகிற போக்கில் மனதில் ஒட்டிக்கொண்ட நேரங்கள் உதவின. அந்த அச்சில் பொருந்தாத எண்களுக்கு அவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டார். 893 என்றால் ‘89.3 வயதுக் கிழவர்’. எண்களுக்குப் பதில் எழுத்துகளை வாசித்தபோது அவர் மறுபடி ஆறு எழுத்துகளுக்கே வந்துவிட்டார். எழுத்துகளில் பந்தய நேரம் ஏது?

ஆகவே, பழைய வெற்றியை முழுசாகத் தூக்கிக்கொண்டு போவதை விட்டுவிட்டு, அதைப் பிரித்துப் போட்டு, உள்ளே என்னென்ன இருந்தன என்று பார்க்க வேண்டும். பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பாகம் பெரும்பாலும் உதவாது. யாரும் கேட்காததால் நாம் சொல்லாமல் விட்ட சிறு பாகம் உதவும்.

அப்படியானால் அது தானாக ஏன் ஞாபகத்துக்கு வருவதில்லை? மேரி கிக், கீத் ஹோலியோக் என்ற இருவர் 1980-இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதற்குப் பதில். ஒரு கோட்டையை நோக்கிப் பல சாலைகள் போகின்றன. பெரும்படை ஒரே சாலையில் போனால் கண்ணிவெடி வெடிக்கும். தளபதி படையைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து எல்லாச் சாலைகள் வழியாகவும் அனுப்பி, கோட்டையில் ஒன்றுசேர வைக்கிறான். இந்தக் கதையைப் படிக்க வைத்துவிட்டு ஒரு புதிர் போட்டார்கள். வயிற்றில் ஒரு கட்டி; அதை அழிக்கும் அளவுக்குக் கதிரைப் பாய்ச்சினால் நடுவிலுள்ள நல்ல சதையும் கெடும்; என்ன செய்வது? பல திசைகளிலிருந்து மெல்லிய கதிர்களைப் பாய்ச்சிக் கட்டியில் ஒன்றுசேர்ப்பதே விடை. கதையைச் சற்று முன்புதான் படித்திருந்தும், தாமாக விடை கண்டவர்கள் பத்தில் மூன்று பேர் அளவுதான். ‘முன்பு படித்த கதை உதவும்’ என்று ஒரு வார்த்தை சொன்னதும் நான்கில் மூன்று பேர் அளவுக்குக் கண்டுபிடித்துவிட்டார்கள். தெரிந்த விடையைக்கூட யாராவது சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது. ‘தேர்வு’, ‘ஸ்கூட்டர்’, ‘நீச்சல்’ என்று வெளித்தோற்றம் வேறாக இருப்பதால் மனம் அவற்றை வேறு வேறு பரணில் போட்டுவைக்கிறது.

சரி, உங்கள் எட்டு வரிகளுக்கு வருவோம். நீங்கள் எழுதியிருப்பது: “முதலில் கணவர் சொல்லிக்கொடுத்தார். பின்னால் பிடித்துக்கொண்டே வருவதாகச் சொல்லிவிட்டு, சொல்லாமல் கையை விட்டுவிட்டார். திரும்பிப் பார்த்தேன், அவர் இல்லை, விழுந்தேன். ஒரு வருடம் வண்டியைத் தொடவில்லை. பிறகு பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண் சொல்லிக்கொடுத்தாள். காலையில் பையன்கள் கிரிக்கெட் ஆட வருவதற்கு முன்பு மைதானத்துக்குப் போவோம். முதல் இரண்டு நாள் வண்டியை ஓட்டவே விடவில்லை. என்ஜினை அணைத்துவிட்டுத் தள்ளச் சொன்னாள். பிரேக் பிடித்து இரண்டு காலையும் ஊன்றி நிற்கச் சொன்னாள். அப்புறம் மெதுவாக வந்துவிட்டது.”

இதில் இருப்பதை நீங்கள் கவனித்தீர்களா? அந்தப் பெண் உங்களுக்கு முதலில் ஓட்டக் கற்றுக்கொடுக்கவில்லை. நிற்கக் கற்றுக்கொடுத்தாள். எந்த நொடியிலும் என்னால் இதை நிறுத்த முடியும் என்று கையும் காலும் தெரிந்துகொண்ட பிறகுதான் ஆக்சிலேட்டரைத் திருக விட்டாள். அது அவளாகவே கண்டுபிடித்த முறையோ, யாரிடமாவது கேட்டதோ, எப்படியானாலும் மிக நல்ல ஆசிரியை. உங்கள் பயம் ஓடுவதைப் பற்றியது அல்ல. நிறுத்த முடியாமல் போவதைப் பற்றியது.

தண்ணீரிலும் அதேதான். இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் பெரியவருக்கு மூழ்கிவிடுவோம் என்ற பயம் அறிவால் வருவதில்லை. கால் தரையில்தானே இருக்கிறது. காலைத் தரையிலிருந்து எடுத்துவிட்டால் மறுபடி எப்படி ஊன்றுவது என்று உடம்புக்குத் தெரியாது. அதுதான் பயம். மிதக்கிற நிலையிலிருந்து எழுந்து நிற்பது ஒரு தனி வித்தை. குப்புற மிதக்கும்போது இரண்டு முழங்கால்களையும் வயிற்றை நோக்கி இழுக்க வேண்டும், இரு கைகளாலும் தண்ணீரைக் கீழே அழுத்த வேண்டும், அப்போது உடம்பு தானாக நிமிரும், பாதம் தரையைத் தேடிப் பிடிக்கும், அதற்குப் பிறகுதான் தலையைத் தூக்க வேண்டும். தெரியாதவர்கள் முதலில் தலையைத் தூக்குவார்கள், கால் பின்னாலேயே கிடக்கும், தண்ணீரைக் குடிப்பார்கள். சிறுவர்கள் இதைத் துள்ளி விளையாடும்போதே கற்றுக்கொள்வதால் பல பயிற்சியாளர்கள் இதைத் தனியாகச் சொல்லிக்கொடுப்பதே இல்லை. நேராக ‘காலை அடி, கையை வீசு’ என்று போய்விடுகிறார்கள். பிரேக் எங்கே இருக்கிறது என்று சொல்லாமல் வண்டியைக் கிளப்பச் சொல்வதுதான் இது.

எனவே, மறுபடி போகும்போது பயிற்சியாளரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் பாடம் இது: “மிதந்த நிலையிலிருந்து எழுந்து நிற்க முதலில் சொல்லிக்கொடுங்கள்.” மூன்று, மூன்றரை அடி ஆழத்தில், பக்கச் சுவரின் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டே பழகலாம். இது கைவரும் வரை நீந்துவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

இரண்டாவது விஷயம், சொல்லாமல் கையை விட்டது. உங்கள் கணவர் செய்ததும் குளத்தில் அந்த மனிதர் செய்ததும் ஒன்றே. ஒருவர் சொல்லாமல் விட்டார், மற்றவர் சொல்லாமல் அமுக்கினார். இரண்டு முறையும் நீங்கள் விலகிவிட்டீர்கள். அது கோழைத்தனம் இல்லை. உங்களுக்கு எந்த வகையில் கற்றுக்கொடுத்தால் வராது என்பதற்கு இரண்டு தடவை கிடைத்த சான்று. கிணற்றில் பிடித்துத் தள்ளிப் பழக்குவதுதான் நம் ஊர் முறை என்று யாராவது சொல்வார்கள். அது முழு உண்மை அல்ல. முதுகில் சுரைக்குடுக்கையோ காலி பிளாஸ்டிக் கேனோ கட்டி, இடுப்புக் கயிற்றை மேலே ஒருவர் பிடித்துக்கொள்ள, படி அருகிலேயே நாள்கணக்கில் பழக்குவதும் நம் ஊர் முறைதான். தள்ளிவிடப்பட்டு நீந்தக் கற்றவர்கள் அதைக் கதையாகச் சொல்கிறார்கள். தள்ளிவிடப்பட்டதால் ஆயுள் முழுக்கக் கிணற்றுப் பக்கம் போகாதவர்கள் கதை சொல்வதில்லை. ஆகவே, புதுப் பயிற்சியாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: என்ன செய்யப்போகிறீர்களோ அதைச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், கையை விடுவதானால் விடப்போகிறேன் என்று சொல்லுங்கள். இதைக் கேட்டு முகம் சுளிப்பவர் உங்களுக்கான ஆள் இல்லை. 22 வயதுப் பெண்ணாக இருந்தாலும் பரவாயில்லை, பொறுமை உள்ளவராகப் பாருங்கள். உங்களுக்கு வயதில் சிறியவரிடம் கற்பது கூச்சமில்லை என்பதும் ஸ்கூட்டர் சொன்ன செய்திதானே.

மூன்றாவது, பையன்கள் வருவதற்கு முன்பு போனது. நீங்கள் குளத்தில் சேர்ந்தது மாலை நேரம், சுற்றிலும் பிள்ளைகளும் பெற்றோரும். வேடிக்கை பார்க்க ஆள் இருந்தால் சிலருக்கு உற்சாகம் வரும். உங்களுக்குக் கை நடுங்கும். மகளிருக்கென்று தனி நேரம் ஒதுக்கும் குளங்கள் பல ஊர்களில் உண்டு. காலை நேரமாகப் பார்த்து மாறிக்கொள்ளுங்கள்.

இப்போது எச்சரிக்கை. ஸ்கூட்டரிலிருந்து கொண்டுபோகக் கூடாத ஒன்றும் இருக்கிறது. ‘முன்சக்கரத்தைப் பார்க்காதே, தூரத்தில் பார்’ என்று அந்தப் பெண் சொல்லியிருப்பாள். வண்டி ஆடாமல் போனது அதனால்தான். தண்ணீரில் இது நேர் எதிர். முன்னால் பார்க்கத் தலையைத் தூக்கினால் இடுப்பும் காலும் கீழே இறங்கும். குளத்தின் அடித்தரையைப் பார்த்தபடி, பின்கழுத்து தளர்ந்திருக்க, தலை தண்ணீரிலேயே கிடக்க வேண்டும். அதேபோல், பயம் வந்தால் கைப்பிடியை இறுக்குவதும் மூச்சை அடக்குவதும் வண்டியில் எப்படியோ சமாளித்துப் போய்விடும். தண்ணீரில் இறுகிய உடம்பு சரியாக மிதக்காது. அடக்கிய மூச்சு இன்னும் மோசம். மூச்சு முட்டுகிறது என்ற உணர்வைப் பெரும்பாலும் கிளப்பிவிடுவது ஆக்சிஜன் குறைவதல்ல, உடம்பில் கார்பன் டை ஆக்சைடு சேருவது. முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் மெதுவாகக் குமிழி விட்டுக்கொண்டே இருந்தால் அந்தத் தவிப்பு தணியும். தலையை வெளியே எடுத்ததும் உள்ளே இழுக்க மட்டுமே வேலை இருக்கும். இதை வீட்டிலேயே ஓர் அகன்ற பேசினில் தண்ணீர் வைத்து, உட்கார்ந்தபடி பழகலாம். நீச்சல் கண்ணாடி போட்டுக்கொண்டு, வாய் மட்டும் முதலில், பிறகு மூக்கு, பிறகு கண் வரை. என்ஜினை அணைத்துவிட்டு வண்டியைத் தள்ளிய அந்த இரண்டு நாள்களின் இடத்தில் இது.

குரூப் 4-ஐ ஒரேயடியாகத் தள்ளிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அதில் எனக்குப் பிடித்தது நீங்கள் தேறியது இல்லை, முதல் தடவை தோற்றதற்கும் இரண்டாம் தடவை தேறியதற்கும் நடுவில் நீங்கள் மாற்றியது. “முதல் தடவை நேரம் கிடைக்கும்போது படித்தேன், கிடைக்கவே இல்லை. இரண்டாவது தடவை குழந்தை விடிகாலை பால் குடித்துத் தூங்கியதும் அடுக்களையில் உட்கார்ந்துவிடுவேன், எழுந்தால் மாமியார் பார்த்துக்கொள்வார் என்று முதலிலேயே பேசிவைத்தோம்” என்று எழுதியிருக்கிறீர்கள். ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களில் பல சோதனைகளில் காட்டியது இதுதான். ‘படிப்பேன்’ என்று உறுதி எடுப்பவரைவிட, ‘இது நடந்ததும், இந்த இடத்தில், இதைச் செய்வேன்’ என்று முடிவு செய்தவர்கள் கூடுதலாகச் செய்து முடிக்கிறார்கள். இரண்டாவது தடவை உங்கள் அறிவு கூடிவிடவில்லை. பால் குடித்துத் தூங்கியதும் அடுக்களை என்று ஆகிவிட்டது. அந்த ஏற்பாட்டைக் குளத்துக்குக் கொண்டுவாருங்கள். பையன் பிளஸ் ஒன் படிக்கிறான் என்றீர்கள். காலை டிபனை யார் பார்ப்பது, எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு வண்டியைக் கிளப்புவது என்று இப்போதே பேசிவையுங்கள்.

அந்தத் தேர்விலிருந்து வரக்கூடாததும் ஒன்று உண்டு. 200 கேள்விகளும் கொள்குறி வகை. விடை தெரிந்தால் மதிப்பெண், கூடுதலாகப் படித்தால் கூடுதலாகத் தெரியும். நீச்சலை அப்படிப் படிக்க முடியாது. நீங்கள் வீடியோக்களைப் பார்த்துக் குறிப்பெடுத்திருப்பதாக எழுதியதைப் படித்தபோது சிரிப்பு வந்துவிட்டது, மன்னியுங்கள். அது தேர்வு எழுதியவரின் கை. குறிப்பேட்டை மூடிவையுங்கள்.

வீட்டில் சொல்லும் ‘குரூப் 4-ஐயே பாஸ் செய்தவள்’ என்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் பண்டூரா, ஒரு காரியத்தை நம்மால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதை 1977-இல் ஒரு கட்டுரையில் விரித்து எழுதினார். தானே செய்து பார்த்த அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், படபடப்பு போன்ற உடம்பின் அறிகுறிகள் என நான்கு ஊற்றுகளைச் சொன்னார். இவற்றில் வலுவானது முதலாவது. பிறர் வார்த்தை தரும் நம்பிக்கை, அனுபவம் எதிராகப் பேசினால் சீக்கிரம் கரைந்துவிடும். உங்களுக்கு அப்படித்தான் கரைந்தது. அதோடு, அந்த வாக்கியம் ஊக்கம் போலத் தோன்றினாலும் உள்ளே ஒரு கேலி இருக்கிறது. ஜெயித்தவள் பயந்தால் அவமானம் என்கிறது அது.

பண்டூராவின் ஆய்வுகளில் பாம்புக்குப் பயந்தவர்கள் வருவார்கள். பாம்பு இருக்கலாமோ என்று தோட்ட வேலையே செய்யாதவர்கள், கூடாரம் போட்டு வெளியே தங்கப் போகாதவர்கள். அவர்களிடம் யாரும் வீரம் பேசவில்லை. உதவியாளர் முதலில் தானே பாம்பைத் தொட்டுக் காட்டுவார். பிறகு அவர் பிடித்திருக்க, இவர்கள் கையுறை போட்டுத் தொடுவார்கள். பிறகு கையுறை இல்லாமல். பிறகு உதவியாளர் கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொள்வார். கடைசியில் இவர்களே தனியாக, யார் துணையும் இல்லாமல் பாம்பைக் கையாள வேண்டும். அந்தக் கடைசிப் படி முக்கியம். இல்லாவிட்டால் ‘அவர் பக்கத்தில் இருந்ததால் முடிந்தது’ என்று மனம் கணக்கு எழுதிக்கொள்ளும். உங்கள் ஸ்கூட்டரிலும் அந்தக் கடைசிப் படி எங்கோ இருந்திருக்கும். கல்லூரிப் பெண் பின்னால் உட்காராமல் நீங்கள் முதன்முதலில் மைதானத்தைச் சுற்றிய சுற்று எது, அதற்கு முந்தைய நாள் அவள் என்ன செய்தாள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். எட்டு வரிகளில் அது இல்லை. முடிந்தால் அவளையே கேளுங்கள். சொல்லிக்கொடுத்தவருக்கு நாம் மறந்தவை ஞாபகம் இருக்கும்.

உங்களை ஒத்த வயதில் ஒருவர் கற்றுக்கொள்வதைப் பார்ப்பதும் உதவும். எட்டு வயதுப் பிள்ளை மீன் போலப் போவதைப் பார்த்தால் உங்கள் மனம் ‘அது குழந்தை’ என்று தள்ளிவிடும். ஐம்பது வயதுப் பெண் ஒருவர் தட்டுத் தடுமாறிப் பாதிக் குளம் போவதைப் பார்த்தால் தள்ள முடியாது. மகளிர் நேரத்தில் அப்படி ஒருவராவது இருக்க வாய்ப்புண்டு, பேச்சுக் கொடுங்கள்.

எவ்வளவு நாளில் வரும் என்று கேட்டிருந்தீர்கள். நாள் சொல்ல மாட்டேன். குளங்கள் விற்கும் குறுகிய காலப் பயிற்சி பள்ளிப் பிள்ளைகளை மனதில் வைத்துப் போட்டது. பயம் உள்ள பெரியவர் அதற்குள் முடிக்காவிட்டால் அது தோல்வி ஆகாது. இரண்டாவது முறையும் பணம் கட்ட வேண்டிவரும் என்று இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். கோடை வகுப்புப் பிள்ளைகளால் ஆழம் குறைந்த பகுதி நிரம்பி வழியும், பயிற்சியாளருக்கும் உங்களைக் கவனிக்க நேரம் இருக்காது. பள்ளி திறந்ததும் சேருங்கள். ரத்த அழுத்தம், வலிப்பு, இதய நோய், செவிப்பறையில் துளை என்று ஏதாவது இருந்தால் முதலில் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். உயிர்காக்கும் பணியாளர் இல்லாத நேரத்தில் தண்ணீரில் இறங்க வேண்டாம். ஊருக்குப் போகும்போது அந்தக் கிணற்றில் பழகிப் பார்க்கலாம் என்ற யோசனையை இப்போதைக்கு ஒத்திவையுங்கள்.

உடை பற்றிய தயக்கத்துக்கு: முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடை கடைகளில் கிடைக்கிறது, பெரும்பாலான குளங்களில் அதை அனுமதிக்கிறார்கள். பருத்திச் சுடிதாரோடு இறங்க விடமாட்டார்கள். தண்ணீரை உறிஞ்சிக் கனத்து உங்களையே கீழே இழுக்கும் என்பதால் அது நியாயமான விதிதான். நீச்சல் கண்ணாடியும் நீச்சல் தொப்பியும் வாங்கும்போது கண்ணாடியைக் கடையிலேயே முகத்தில் வைத்து அழுத்திப் பாருங்கள். பட்டை போடாமலே ஓரிரு நொடி ஒட்டி நின்றால் அளவு சரி.